நம்ம மெஷின்தானே?

பட்டறைப் பக்கம் அடிக்கடி காதுல விழற வசனம்: "நம்ம மெஷின், நம்ம உபயோகத்துக்கு மாத்தறோம். விக்கவா போறோம்? யாரு கேக்கப் போறா?"

போன மாசம், 25 பேர் வேலை செய்யற ஒரு பட்டறை. பவர் பிரஸ்ல இருக்கற ரெண்டு கை பட்டனைக் கழட்டிட்டு கால் பெடல் மாட்டணுமாம். வேகம் கூடும்னாரு முதலாளி. கூடும்தான். ஆனா அந்த ரெண்டு பட்டன் இருக்கறதே, அடி விழறப்ப ரெண்டு கையும் டைக்கு வெளிய இருக்கணும்னுதானே? அதுவும் இது கீ கிளட்ச் பிரஸ். கிளட்ச் ஒருதடவை பிடிச்சிட்டா முழுச் சுத்து முடியாம ராம் நிக்காது. நடுவுல யாரு கத்தினாலும் சரி.

1948 தொழிற்சாலைகள் சட்டம் 21-வது பிரிவுலயே ஆபத்தான பாகத்துக்கு உறுதியான தடுப்பு வேணும், ஓடும்போது அது இடத்துல இருக்கணும்னு இருந்துச்சு. விக்கற மெஷினா, சொந்த உபயோகமான்னு அது பாக்கலை. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுத் தொகுப்பும் பொறுப்பை முதலாளி தலையிலதான் வைக்குது.

முன்னாடி ஒரு கூண்டு, அதை மூடினாத்தான் கிளட்ச் பிடிக்கற மாதிரி இன்டர்லாக். அதைப் போடுங்க சார், அப்புறம் பெடல் மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.