புத்தம் வீட்டில் கற்ற சொற்கள்

இலக்கியச் சொற்கள் என்றாலே நம்மில் பலருக்கு வேப்பங்காய். உவமை, உருவகம், முரண், வட்டார வழக்கு என்று குறிப்பேட்டில் சிவப்பு மையால் கோடிட்டு, பரீட்சைக்கு முந்தின இரவு உருப்போட்டு, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வருவதே வழக்கம். ஆனால் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியராகிய நாங்கள் அச்சொற்களை ஒரு நாவலின் வழியாகக் கற்றோம். அந்த அனுபவத்தை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்கள் தமிழாசிரியை 'புத்தம் வீடு' நாவலை வாசிக்கச் செய்தார்கள். இதை எழுதியவர் ஹெப்சிபா ஜேசுதாசன். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர், 2012-ல் மறைந்தார். நாவல் வெளிவந்த ஆண்டு 1964. கதை நடப்பதோ நம் மாவட்டத்துப் பனங்காட்டுக் கிராமம் ஒன்றில்! நம் ஊர்ப் பேச்சு அச்சில் வந்திருப்பதைக் கண்டு முதல் நாள் வகுப்பே சிரித்தது. அப்போதுதான் 'வட்டார வழக்கு' என்ற சொல்லை ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கடற்கரை ஊரினர். மீதிப் பேர் விளைகளிலும் மலையோரத்திலும் இருந்து வருபவர்கள். பனையேற்றத் தொழிலின் சொற்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் புதியவை. பதநீரை அக்கானி என்பதும், கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும் என்பதும், காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டியாகும் என்பதும் தாத்தாமார் பனையேறிய வீட்டுப் பிள்ளைகள் சொல்லித் தந்த பாடம். பதிலுக்குக் கடற்கரைத் தோழியர் கரைமடியையும் கச்சான் காற்றையும் கற்றுத் தந்தார்கள். "இதெல்லாம் கொச்சைத் தமிழ் இல்லையா?" என்று கேட்டோம். தொல்காப்பியர் சொற்களை நான்காகப் பிரித்ததில் திசைச்சொல்லும் ஒன்று; அது வழங்கும் நாடுகளை எண்ணிய பழைய உரைகாரர் வேணாட்டையும் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆசிரியை விளக்கினார்கள். நம் மண் வேணாட்டு மன்னர்கள் ஆண்ட மண் அல்லவா! அன்றிலிருந்து யாரும் வீட்டுப் பேச்சுக்காகக் கூச்சப்படவில்லை.

அடுத்துக் கற்றது 'முரண்'. புத்தம் வீடு என்றால் புது வீடு. கதையிலோ அது பெருமையெல்லாம் தேய்ந்துபோன பழைய வீடு. பெயர் ஒன்றும் நிலை வேறுமாக இருப்பதே முரண் என்பதை எந்த இலக்கணக் குறிப்பும் இத்தனை எளிதாக எங்களுக்கு உணர்த்தியதில்லை.

இவற்றையெல்லாம்விட எங்களைத் தொட்ட சொல் 'இற்செறிப்பு'. கதைத் தலைவி லிஸி படிப்பில் ஆசையுள்ள பெண். பெரிய பிள்ளையானதும் அவள் பள்ளி நின்றுபோகிறது. வீட்டுக்குள் இருக்க வேண்டியவளாகிறாள். அந்தப் பகுதியை வாசித்து முடித்ததும் ஆசிரியை இச்சொல்லை எழுதினார்கள். இல் என்றால் வீடு. செறித்தல் என்றால் அடக்கி வைத்தல். சங்க அகப்பாடல்களில் தலைவியை வெளியே விடாமல் வீட்டில் காத்து வைப்பதற்கு இதுவே பெயர். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல்லுக்கு 1964-ல் வந்த நாவல் எடுத்துக்காட்டாக நிற்கிறதே என்று வியந்தோம்.

வியப்போடு நின்றிருந்தால் அது வெறும் பாடமாகவே போயிருக்கும். "வீட்டில் பாட்டியிடம் கேட்டு வாருங்கள்" என்றார்கள் ஆசிரியை. கேட்டோம். ஒரு பாட்டி ஐந்தோடு நின்றவர், ஒருவர் எட்டோடு. மற்றொருவர் ஜன்னல் வழியே தம்பிமார் பள்ளிக்குப் போவதைப் பார்த்துப் பார்த்தே எழுத்தை மறந்தவர். எங்களில் ஒருத்தியின் பாட்டியோ இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேரும் உண்டுமா மக்களே? எனக்க அம்மை பேரொண்ணும் சொல்லல்ல, கதவத்தான் சாத்தினா" என்றாராம். அதை அவள் வகுப்பில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தியின் வீட்டில், பத்தாம் வகுப்போடு போதும் என்ற பேச்சு கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே தொடங்கிவிட்டது. அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. நூலகத்திலிருந்து நாவலை எடுத்துப் போய், முந்திரி ஆலையிலிருந்து களைத்து வரும் அம்மாவுக்கு இரவுதோறும் சிறிது சிறிதாக வாசித்துக் காட்டினாள். லிஸியின் படிப்பு நின்ற இடத்தில் அம்மா, "அந்தப் பக்கத்த இன்னொருக்கா வாசி" என்றார்களாம். மறுநாள் அப்பாவிடம் என்ன பேசினார்களோ, நாங்கள் அறியோம். "மார்க்கு வரட்டும், பார்ப்போம்" என்று அப்பா இப்போது சொல்லியிருக்கிறார். அந்தப் "பார்ப்போம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கணக்குப் போடுகிறாள். அவளோடு நாங்களும் ஜெபிக்கிறோம். அவளுக்குக் கடினமான கணக்குகளை மதிய இடைவேளையில் சொல்லியும் தருகிறோம்.

லிஸி கடைசியில் தான் விரும்பிய தங்கராஜை மணக்கிறாள். அவன் பனையேறி மகன் என்பதால் எழுந்த தடைகளெல்லாம் தாண்டி நடக்கும் திருமணம் அது. அந்த முடிவு எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் அவள் இழந்த படிப்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை என்று வகுப்பில் ஒருத்தி எழுந்து சொன்னாள். அதற்கு ஆசிரியை, "இதுதான் அம்மா திறனாய்வு" என்றார்கள். நாங்கள் கற்ற சொற்களில் கடைசிச் சொல் அது.

அன்பான பெற்றோரே! இம்மலரைப் புரட்டும்போது, உங்கள் வீட்டிலும் பள்ளியை இடையில் விட்ட ஒரு பாட்டியோ அத்தையோ இருக்கலாம். அவர்கள் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூடவே, அடுத்த ஜூன் மாதத்தில் எங்கள் வகுப்பில் ஒரு இருக்கைகூடக் காலியாக இராதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.