எழுகடல் தெருவிலிருந்து எத்தனை தூரம்?



கிராட்டனில் குடியேறிப் பல வருடம் ஆகிவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் இந்தச் சின்ன ஊருக்கு ‘உலகின் நீர்மூழ்கித் தலைநகரம்’ என்று ஊர்க்காரர்களே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேம்ஸ் என்று லண்டன்காரன் பேரை வைத்த ஆறு ஒன்று. அதன் கரையில் நீர்மூழ்கி கட்டும் தளம், கொஞ்சம் மேலே போனால் கடற்படைத் தளம். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸ் 1954இல் இங்கேதான் தண்ணீரில் இறங்கியது. இன்று அது அருங்காட்சியகமாகக் கட்டிக்கிடக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள்.

2025 ஏப்ரல் 5 அன்று ஐயோவா என்ற நீர்மூழ்கி இந்தக் கடற்படைத் தளத்தில் படையில் சேர்ந்தது. ஐயோவா மாநிலத்துக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. சோளக்காடும் பன்றிப் பண்ணையும்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகலும் ஒரு ராவும் கார் ஓட்ட வேண்டும். என் பக்கத்து வீட்டு அம்மாள் அந்த ஊர்க்காரர், ரிட்டயரான பள்ளி ஆசிரியை. கப்பலுக்காகத் தன் பங்குக்கு 50 டாலர் கொடுத்ததைக் கல்யாண மொய் எழுதினதுபோல என்னிடம் சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. கோடிகோடியாய்ப் போட்டு அரசாங்கம் கட்டுகிற போர்க்கப்பலுக்கு இந்த அம்மாளின் 50 டாலர் எதற்கு? விசாரித்தேன். கப்பலுக்கு எந்த ஊர்ப் பெயரோ அந்த ஊரில் ஒரு விழாக் குழு சேருமாம். அரசுக் கணக்கில் எழுத முடியாத செலவுகளை அந்தக் குழு ஏற்றுக்கொள்ளும். விழாவுக்கு வரும் மாலுமிகளின் குடும்பத்துக்கு விருந்து, சாப்பாட்டுக்கூடத்தின் சுவரில் சொந்த மாநிலத்துப் படம், மாலுமி பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று. சுமார் 130 பேர் மாதக்கணக்கில் சூரியனைப் பார்க்காமல் கிடக்கப்போகும் இரும்புக் குழாய்க்குள் ஊர் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். விழா நாளில் கட்டளை வந்ததும் மாலுமிகள் ஓடிப்போய்க் கப்பலில் ஏறுவார்கள். ‘கப்பலுக்கு உயிர் கொடுப்பது’ என்று அதற்குப் பெயர். சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர் ஆயுதத்தை வீட்டுப் பிள்ளைபோல நினைக்கவைக்கிற சாமர்த்தியம் இதில் இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அவரிடம் சொல்லவில்லை.

கடல் இல்லாத ஊர் என்றதும் எனக்கு நம்மூர் ஞாபகம் வந்தது. மதுரைக்குக் கடல் இல்லை என்று யார் சொன்னது? புதுமண்டபத்துக்குக் கிழக்கே எழுகடல் தெரு இருக்கிறது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்காக ஏழு கடலையும் சொக்கர் அங்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல். அதே புராணத்தில் நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்க, சொக்கர் செம்படவராய்ப் போய் வலைவீசிப் பிடிக்கிறார். நம் கடற்படையின் முதல் நீர்மூழ்கி 1967 டிசம்பரில் படையில் சேர்ந்தது. அதற்கு வைத்த ‘கல்வரி’ என்ற பெயரும் ஒரு சுறாவின் பெயர்தான்.

கப்பலுக்கு மொய் எழுதுவதும் நமக்குப் புதிதில்லை. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. கம்பெனிக்குத் தலைவர் யார் தெரியுமா? மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டித்துரைத் தேவர்! ஏடு தேடி அச்சிட்ட கையே கப்பல் பங்குக்கும் கையெழுத்துப் போட்டது. மறு வருடம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி நொடித்தது. அது போர்க்கப்பல் இல்லை, கொழும்புக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய கப்பல். ஆனாலும் ‘நம்ம கப்பல்’ என்று சொல்ல ஊருக்கு உரிமை இருந்தது. 25 ரூபாய் கொடுத்து வாங்கிய உரிமை.

இப்போது எப்படி? 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் வாக்‌ஷீர் என்ற நீர்மூழ்கியைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கல்வரி வகையில் ஆறாவது, கடைசி. அன்று மாட்டுப் பொங்கல். மதுரையின் கண் முழுக்கப் பாலமேட்டு வாடிவாசலில் இருந்தது. ஊரைக் குற்றம் சொல்லவில்லை. நம்மை யார் அழைத்தார்கள்? இத்தனைக்கும் நெல்லைச் சீமையில் நாங்குநேரிக்கு அருகே விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி சொல்லும் நிலையம். நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் கம்பங்கள் பனைமரங்களுக்கு நடுவே நிற்கின்றன. மதுரையிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். நீர்மூழ்கியின் காதில் விழும் சொல் நம் மண்ணிலிருந்து போகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனை சொல்லக் காரணம் எங்கள் அக்கா மகன். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்து கடற்படையில் சேர்ந்தவன். சில்காவில் பயிற்சி, பிறகு விசாகப்பட்டினத்தில் சாதவாகனா என்ற கடற்படைப் பள்ளியில் நீர்மூழ்கிப் படிப்பு. கப்பல் உள்ளே போய்விட்டால் வாரக்கணக்கில் போன் வராது. எந்தக் கடல், என்று வருவான் என்று கேட்டால் சொல்லவும் மாட்டான். பக்கத்து வீட்டு அம்மாளின் கதையை அக்காவிடம் போனில் சொன்னேன்.

“அந்த ஊர்ல காசு கொடுக்காக. நமக்கு யாரு கேக்கா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நான் இட்லிப் பொடி மூணு கிலோ அரைச்சு விட்டேன். நாலு நாள்ல காலி பண்ணிட்டாகளாம்” என்றாள்.

இந்த முறை ஆறு கிலோவாம். மிளகாயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறான், பஞ்சாப் பையன்களுக்கு உறைக்கிறதாம்.

அன்புடன்,
கிராட்டனிலிருந்து உங்கள் மதுரைக்காரன்