மலைப்பாதைக்கு ஓர் ஆயத்தம்



எனக்கு இப்போது 47 வயது. டென்மார்க் நாட்டின் யூலான்ட் பகுதியிலுள்ள ஒரு சிறு நகரில், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய். வருகிற செப்டெம்பர் மாதம் வேல்ஸ் நாட்டில் நடைபெறும் ஒரு போட்டிக்காக என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறேன். கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்த வேண்டும். கரையேறி, மேடும் பள்ளமுமான பாதையில் 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட வேண்டும். அதன்பின் 42.2 கிலோமீற்றர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், 17 மணித்தியாலங்களுக்குள் முடிய வேண்டும். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால், "பிள்ளைக்குக் குளிரிலை விசர் பிடிச்சிட்டுது" என்றுதான் சொல்வார்கள். சில நாட்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதற்கு ட்ரையத்லன் என்று பெயர். இந்த நீண்ட தூரப் போட்டி 1978ஆம் ஆண்டு ஹவாயில் தொடங்கியது. முதல் வருடம் 15 பேர் பங்குபற்றினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அடுத்த வருடமே லின் லெமேர் என்ற அமெரிக்கப் பெண் ஒருவர் கலந்துகொண்டு, ஆண்களுக்கு நடுவில் ஐந்தாவதாக வந்தார். மடோனா பூடர் என்ற கத்தோலிக்க அருட்சகோதரி 2012இல், தனது 82ஆவது வயதில் இந்தத் தூரத்தை முடித்தார். இதை வாசித்த அன்று, நாற்பது தாண்டினால் மூட்டுவலியும் கோயிலும்தான் என்று நான் நினைத்துவைத்திருந்தது சற்று ஆட்டம் கண்டது.

ஆனால் நான் தொடங்கியது போட்டிக்காக அல்ல. 2022ஆம் ஆண்டு இரத்தப் பரிசோதனையின்போது, சீனி எல்லையில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்னார். எங்கள் அம்மாவுக்குச் சீனி வியாதியால் கால் எடுத்தது. அந்தக் கட்டுப்போட்ட கால் என் கண்ணுக்குள் நின்றது. அன்று பின்னேரமே நடக்கத் தொடங்கினேன். நடை மெதுவோட்டமாகியது. பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். நீச்சல் மட்டும்தான் வேண்டாம் என்றிருந்தேன். மகள் விடவில்லை. வளர்ந்தவர்களுக்கான நீச்சல் வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

அங்கே முதல் சோதனை தண்ணீரே அல்ல. டென்மார்க்கில் நீச்சல் தடாகத்தில் இறங்குமுன் எல்லோரும் உடைகளைக் களைந்து, சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். பெண்களுக்குத் தனி அறைதான். என்றாலும் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்த எனக்கு அது உயிர் போகிற வெட்கமாக இருந்தது. இரண்டு தரம் வாசலோடு திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் பார்த்தால், எழுபது வயதுப் பெண்மணிகள், சத்திரசிகிச்சைத் தழும்புகளோடும் தொங்கிய வயிற்றோடும் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. என் தொடையிலும் ஒரு ஷெல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக நான் மூடி வைத்திருந்த தழும்பு. அன்று அதையும் ஒருவரும் பார்க்கவில்லை.

தடாகத்தில் ஒரு வருடம் பழகினேன். பிறகு சில்க்கபோர்க் பக்கத்து ஏரியொன்றுக்குக் கூட்டிப் போனார்கள். ஏரித் தண்ணீர் கறுப்பு. அடி தெரியாது. இருபது யார் நீந்தியிருப்பேன், மூச்சு அடைத்துவிட்டது. கை கால் விறைத்து, கூட வந்தவரின் மிதவையைப் பிடித்துத் தொங்கினேன். எனக்கு வந்தது அந்த ஏரி அல்ல. கிளாலி.

1996இல் நாங்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து வன்னிக்குப் போனோம். இரவு. வெளிச்சம் இல்லை. படகு நிறையச் சனம். ஒரு பக்கம் சரிந்தால் அவ்வளவுதான். எனக்கும் தங்கச்சிக்கும் நீந்தத் தெரியாது. அம்மா எங்கள் இருவரின் கைகளையும் தன் சேலைத் தலைப்பால் சேர்த்துக் கட்டியிருந்தா. அந்த இரவு எனக்குள் எங்கே இருந்ததோ, அந்த டென்மார்க் ஏரியில் எழும்பி வந்தது.

என் பயிற்சியாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கரையில் இருத்தி, போர்வை போர்த்தி, நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "நீந்துவதை விடு. முதலில் மிதக்கப் பழகு. பயம் வந்தால் மல்லாந்து படுத்து வானத்தைப் பார். மூச்சைத் தண்ணீருக்குள் மெல்ல விடு. உள்ளே போன காற்றை விடாமல் வைத்திருப்பதால்தான் மூச்சு முட்டுகிறது" என்றார். அந்தக் கோடை முழுவதும் நான் செய்தது அதுதான். இருபது யார் நீச்சல், ஒரு நிமிடம் மல்லாந்து மிதத்தல். இன்றைக்கு அந்த ஏரியில் 3 கிலோமீற்றர் நீந்துகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது வந்தால் என்ன செய்வது என்று தெரியும்.

அடுத்தது சைக்கிள். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். பள்ளிக்கூடமும் ரியூசனும் வைத்தியசாலையும் சைக்கிளில்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை. டென்மார்க்கிலும் இல்லை. இந்த நாட்டின் ஆக உயரமான இயற்கை மேடு கடல் மட்டத்திலிருந்து 171 மீற்றர்கூட இல்லை. வேல்ஸ் போட்டியிலோ சைக்கிள் பாதையின் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 2,400 மீற்றர் வருகிறது. எங்கள் பிதுருதலாகல மலை 2,524 மீற்றர். கடற்கரையில் தொடங்கி அந்த உச்சிக்குக் கிட்ட ஏறுவதற்குச் சமம். ஒரே மலையாக இருந்தாலும் பரவாயில்லை. ஏறி, இறங்கி, மூச்சு எடுக்குமுன் மறுபடியும் ஏறுகிற சிறு குன்றுகள்.

மேடு தேடி வைலே என்ற நகருக்குப் போனேன். அங்கே ஒரு குறுகிய தெரு உண்டு. சில இடங்களில் நூறு மீற்றர் முன்னுக்குப் போக இருபது மீற்றருக்கு மேல் உயரும். முதல் நாள் பாதியில் சைக்கிள் நின்றுவிட்டது. இறங்கி உருட்டினேன். கைபிடியைப் பிடித்துக் குனிந்து தள்ளும்போது, 1995 ஒக்ரோபர் 30 நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு வயது 17. மழை இரவு. வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. சைக்கிள் கரியரில் அம்மம்மா, கைபிடியில் இரண்டு பைகள், பின்னால் பிடித்துக்கொண்டு 14 வயதுத் தங்கச்சி. ஓட முடியாது, உருட்டத்தான் முடியும். ஒரு அடி வைத்தால் நின்று, பிறகு ஒரு அடி. அன்று அந்தச் சைக்கிளை நான் கீழே விழ விடவில்லை. வைலே மேட்டிலும் விழ விடாமல் உச்சிவரை தள்ளிக்கொண்டு போனேன். எட்டாவது தரம்தான் இறங்காமல் ஏறினேன். அதற்கு வீரம் காரணமல்ல. பின் சில்லில் பெரிய பற்சக்கரம் பூட்டுவித்தேன், தொடக்கத்தில் அவசரப்படாமல் இருக்கப் பழகினேன்.

இனி, இதை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

அந்தத் தங்கச்சி இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறாள். 2009இல் கணவரை இழந்தவள். பிள்ளைகள் இரண்டு பேர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்து, சைக்கிளில் கட்டி, ஒன்பது கிலோமீற்றர் தூரத்திலுள்ள தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிறாள். போட்டிக்கான பதிவுப் பணம் என் ஒரு கிழமைச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. பயணம், தங்குமிடம், குளிர் தாங்கும் இறப்பர் நீச்சலுடை எல்லாம் வேறு. கட்டிய பிறகும் ஒரு மாதம் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னபோது தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்:

"அக்கா, நீங்கள் விளையாட்டுக்கு ஓடுறியள். நான் வயித்துப்பாட்டுக்கு ஓடுறன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் சுட்டது. இரண்டு கிழமை நான் பயிற்சிக்குப் போகவில்லை. செலவான தொகையைக் கணக்குப் பார்த்து, அதே அளவு பணத்தை அவளுக்கு அனுப்பினேன். அனுப்பினால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருத்திக்கு டென்மார்க்கும் ஒருத்திக்கு வன்னியும் வாய்த்ததற்கு எந்தப் பணத்தாலும் கணக்குத் தீராது.

அவளே பிறகு தொலைபேசி எடுத்தாள். சைக்கிளுக்கு இரண்டு ரயரும் முன்னுக்கு ஒரு கூடையும் வாங்கினாளாம், மிச்சம் பிள்ளையின் படிப்புக்காம். "ஏன் இந்தக் கிழமை சைக்கிள் சத்தம் கேக்கேல்லை?" என்று கேட்டாள். குளிர்காலத்தில் நான் நிலவறையில் சைக்கிளை ஒரு தாங்கியில் பூட்டி மிதித்துக்கொண்டு அவளோடு கதைப்பது வழக்கம். விட்டுவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். "நாங்கள் சைக்கிள் உருட்டினம், கடல் கடந்தம், பிறகு நடந்தம். எங்களுக்கு ஒருத்தரும் பதக்கம் தரேல்லை. நீங்களாவது ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோவன்" என்றாள்.

அதன்பிறகு அவளே எனக்குப் பாதிப் பயிற்சியாளர். எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடுவது எப்படி என்று அவளிடம்தான் கேட்டேன். "தூரத்தைப் பாக்காதேங்கோ. அடுத்த போஸ்ற்வரைக்கும் எண்டு ஓடுங்கோ. அது வந்த பிறகு அடுத்தது. வாயுக்குள்ளை பாட்டு ஒண்டு பாடுங்கோ. பாட ஏலாமல் போச்செண்டால் வேகம் கூடிப்போச்செண்டு அர்த்தம்" என்றாள். என் ஆசிரியையும் இதையே சொல்லியிருந்தார்: கதைக்க முடியாத அளவு மூச்சு வாங்கினால் அது நீண்ட தூரத்துக்குரிய வேகமல்ல. ஒருவர் புத்தகத்தில் படித்ததை மற்றவர் இடியப்பப் பெட்டியோடு படித்திருக்கிறார்.

மூன்று வருடத்தில் நான் கற்ற சிலவற்றை உங்களுக்கும் சொல்லலாம் என நினைக்கிறேன். நீங்கள் ட்ரையத்லன் செய்யத் தேவையில்லை. வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகமான நடையும் சைக்கிளும் அதில் சேரும். எனவே உங்களிற் பலர் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாதது ஓய்வு. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை நான் முழங்கால் வீங்கிய பிறகுதான் விளங்கிக்கொண்டேன். உடம்பு பலப்படுவது உழைக்கும்போது அல்ல, உழைத்தபின் ஆறும்போது. அதேபோல், பசி வந்த பிறகு சாப்பிடுவது பிந்திய சாப்பாடு. நீண்ட சைக்கிள் ஓட்டத்தில் நான் அரை மணிக்கு ஒரு தரம் வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ சாப்பிடுகிறேன், உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் குடிக்கிறேன். பிள்ளைகளுக்கு எல்லாம் கொடுத்துவிட்டு வெறுந்தேநீரோடு வேலைக்குப் போகும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நெஞ்சு நோ, தலைச்சுற்று, நாட்பட்ட வருத்தங்கள் இருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். என் சீனி இப்போது எல்லைக்குக் கீழே நிற்கிறது. அந்தப் பதக்கம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

டென்பி என்ற கடற்கரை ஊரில்தான் போட்டி. காலையில் வடக்குக் கடற்கரையில் இறங்கி, கடலில் இரண்டு சுற்று. 2 மணி 20 நிமிடத்துக்குள் கரையேறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். என் பயிற்சி நேரத்தைப் பார்த்தால் ஏறிவிடுவேன் போலிருக்கிறது. ஆனால் கடல் ஏரியல்ல. சைக்கிளுக்கும் நேர எல்லை உண்டு. அங்கேதான் எனக்குச் சந்தேகம். கடைசியில் ஓட்டம், ஊருக்கும் மேட்டுக்குமாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கையில் ஒரு நிறப் பட்டி போட்டுவிடுவார்களாம். நான்கும் சேர்ந்தால்தான் முடிவுக்கோட்டுப் பக்கம் திரும்பலாம்.

முடிப்பேனோ தெரியாது. முடித்தாலும் நள்ளிரவுக்குக் கிட்டத்தான் முடிப்பேன். இதைத் தங்கச்சிக்குச் சொல்லி, "நீ நித்திரை கொள், நான் அடுத்த நாள் எடுக்கிறன்" என்றேன்.

"உங்கடை நள்ளிரவு எங்களுக்கு விடிய நாலரை அக்கா" என்றாள். "அந்த நேரம் நான் இடியப்பம் பிழிஞ்சுகொண்டு இருப்பன். முடிச்சாலும் முடிக்காட்டிலும் எடுங்கோ."