தேர்வும் தெளிவும்

தமிழில் ‘தேர்வு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நம் அறிவைப் பிறர் அளந்து பார்க்கும் சோதனை ஒன்று. பலவற்றுள் நமக்கு உரியதை நாமே தெரிந்தெடுத்தல் மற்றொன்று. முதற்பொருளில் வரும் தேர்வுக்கு நம் பிள்ளைகள் இரவு பகலாக உழைக்கிறார்கள். இரண்டாம் பொருளில் வரும் தேர்வுக்கு அரை மணி நேரமேனும் அமர்ந்து சிந்திக்கிறார்களா? மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளின் பெருக்கத்தைக் காணும்போதெல்லாம் இவ்வினா என் உள்ளத்தில் எழுகிறது.

1949-இல் இயேசு சபையினர் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனத்தைத் தொடங்கினர். 1961-இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தோன்றின. 2011-இல் நம் திருச்சிக்கும் அத்தகைய நிறுவனம் ஒன்று வந்தது. இன்று ஐ.ஐ.எம்.கள் மட்டுமே 20-க்கும் மேல். அவற்றுக்குக் ‘கேட்’ தேர்வு; எக்ஸ்.எல்.ஆர்.ஐ.க்கு எக்ஸ்.ஏ.டி.; சிம்பயாசிஸ் நிறுவனங்களுக்கு ‘ஸ்னாப்’; தமிழகக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ‘டான்செட்’; இவற்றோடு ‘என்மேட்’, ‘சிமேட்’, ‘மேட்’ எனப் பட்டியல் நீள்கிறது. கேட் தேர்வுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் பதிவு செய்கின்றனர். இவற்றுள் எத்தனை எழுதுவது என்பதே இளைஞர்களின் முதற்குழப்பமாக இருக்கிறது.

2024 ஆகஸ்டு மாதத்தில், பொறியியல் முடித்து ஓராண்டு வேலை பார்த்திருந்த இளைஞர் ஒருவர் தம் தந்தையுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். தந்தை கடல் தொழிலாளி. மகனின் கையில் ஒரு தாள். மேற்சொன்ன ஏழு தேர்வுகளும், ஒவ்வொன்றின் கட்டணமும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கேட் தேர்வுக்கு அவ்வாண்டு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 1,250 ரூபாய். ஏனையோர்க்கு 2,500 ரூபாய். ஏழு தேர்வுகளுக்கும் சேர்த்து அவர் கட்ட வேண்டிய தொகை 15,000 ரூபாயைத் தாண்டியது. ஏழையும் எழுதுவதா, சிலவற்றை விடுவதா என்று என் கருத்தை அறியவே வந்திருந்தனர்.

“ஒரு வலையை நம்பி இருக்க முடியுமா சாமி? ஏழு வலை விரிச்சா ஒண்ணுலயாவது படாதா?” என்றார் தந்தை.

“நீங்கள் கடலுக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா வலையையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டா போகிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “அதெப்படி சாமி? சாளைக்குப் போனா சாளை வலை, இறாலுக்குப் போனா இறால் வலை. என்ன மீனுன்னு தெரிஞ்சுதானே வலை எடுக்கணும்?”

அந்த விடையிலேயே பாதித் தெளிவு கிடைத்துவிட்டது. எனினும், தந்தையின் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. கேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில் நடைபெறுவது. அன்று காய்ச்சல் வந்தால் ஓராண்டு உழைப்பு வீணாகும். மொழித்திறன், தரவு ஆய்வு, கணிதம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம்; ஒரு பகுதியின் நேரம் முடிந்தபின் திரும்பிச் செல்ல வழியில்லை. ஒரு பகுதியில் தடுமாறினால், மற்ற இரண்டில் சிறந்து விளங்கினாலும் வாயில் அடைபடக்கூடும். போதாக்குறைக்கு, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான பழைய மதிப்பெண்களையும் நிறுவனங்கள் கணக்கில் கொள்கின்றன. ஆகவே ஒரே தேர்வை நம்பி நிற்பது துணிவு அன்று.

அதேவேளை, எண்ணிக்கை கூடுவதாலேயே வாய்ப்பும் அதே அளவில் கூடிவிடும் என்பதும் உண்மையன்று. கணிதமும் ஆங்கிலமும் தருக்கமும் எல்லாத் தேர்வுகளுக்கும் பொது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பழக்கத்தைக் கேட்கிறது. கேட் நிதானத்தைச் சோதிப்பது. ஸ்னாப்பில் 60 நிமிடங்களில் 60 வினாக்களை முடிக்கும் விரைவு வேண்டும். என்மேட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை. ஆகவே எதையும் விடாமல் குறிப்பது அறிவுடைமை. கேட் தேர்விலோ கொடுக்கப்பட்ட விடைகளுள் தவறானதைக் குறித்தால் ஒரு மதிப்பெண் போகும். விடத் தெரிந்தவனே அங்குப் பிழைப்பான். எக்ஸ்.ஏ.டி. தேர்வில் 8 வினாக்களுக்கு மேல் விடையளிக்காமல் விட்டால் அதற்கும் சிறிது குறையும். நவம்பர் இறுதியிலிருந்து சனவரி இறுதிக்குள் இத்தேர்வுகளில் பெரும்பாலானவை அடுத்தடுத்து வருகின்றன. இன்று துணிந்து குறித்தவன் அடுத்த ஞாயிறு தயங்கி விடப் பழக வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு மீண்டும் மாற வேண்டும். ஏழையும் எழுதுகிறவன் எதிலும் வேரூன்றாமல் அலைகிறான்.

அப்படியானால் எண்ணிக்கையை எவ்வாறு முடிவு செய்வது? குருமட நாள்களில், புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஓர் எச்சரிக்கையைப் பயின்றிருக்கிறேன். மனிதர் பலர் முதலில் வழியைத் தெரிந்துகொண்டு, பின்னர் நோக்கத்தை அதற்கேற்ப வளைக்கிறார்கள் என்பதும், நோக்கமே முதலில் நிற்க வேண்டும் என்பதும் அதன் சாரம். நுழைவுத் தேர்வு என்பது ஒரு வாயில். நாம் குடிபுக விரும்பாத வீட்டின் வாயிலில் நின்று, கட்டணமும் கொடுத்துத் தட்டுவதால் பயன் என்ன? எனவே எண்ண வேண்டியவை வீடுகள், வாயில்கள் அல்ல.

அந்த இளைஞரிடம் தாளைத் திருப்பச் சொன்னேன். பின்பக்கத்தில், இடம் கிடைத்தால் உறுதியாகச் சேர்வேன் என்று சொல்லத்தக்க நிறுவனங்களின் பெயர்களை மட்டும் எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஈராண்டுக் கட்டணத்தையும் குறிக்கச் சொன்னேன். பழைமையான ஐ.ஐ.எம்.களில் அது 20 லட்சத்தைத் தாண்டுகிறது. கல்விக் கடன் வாங்கியேனும் அங்குச் சேர்வேன் என்றார். வேறு சில தனியார் நிறுவனங்களுக்கு அவ்வளவு கடன் சுமக்க மாட்டேன் என்று அவராகவே அடித்தார். அத்துடன் ஸ்னாப்பும் என்மேட்டும் நீங்கின. சிமேட், மேட் வழியாகச் சேரக்கூடியவற்றுள் அவர் விரும்பியவை கேட் அல்லது டான்செட் மதிப்பெண்ணை ஏற்பவையாகவே இருந்தன. ஆகவே அவையும் நீங்கின. கேட் மதிப்பெண்ணை ஐ.ஐ.எம்.கள் மட்டுமன்றி ஐ.ஐ.டி.களின் மேலாண்மைத் துறைகளும் திருச்சி என்.ஐ.டி.யும் ஏற்கின்றன. சென்னை லயோலா மேலாண்மை நிறுவனம் கேட், எக்ஸ்.ஏ.டி. இரண்டையும் ஏற்பதால், ஒரு வாயில் அடைபட்டாலும் அவ்வீட்டுக்கு மறு வாயில் உண்டு. எஞ்சியவை மூன்று: கேட், எக்ஸ்.ஏ.டி., டான்செட்.

இம்மூன்று என்பது அவருக்குரிய விடை. எல்லார்க்கும் உரிய சூத்திரம் அன்று. வேறொருவரின் வீட்டுப் பட்டியல் ஐந்து தேர்வுகளைக் கேட்கலாம். இன்னொருவருடையது ஒன்றோடு நிற்கலாம். அவ்வாறு எழுதிப் பார்த்தபின், “இவ்வாண்டு வேண்டாம், இன்னும் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்” என்பதும் நேர்மையான விடையே.

நான்கு தேர்வுகளை அடித்தபோது அந்த இளைஞரின் முகம் வாடியதை நான் கவனித்தேன். காரணம் கேட்டேன். “ஏழும் எழுதிக் கிடைக்காட்டி, எல்லாம் செஞ்சு பார்த்தான்னு சொல்லுவாங்க, ஃபாதர். மூணு மட்டும் எழுதிக் கிடைக்காட்டி, முயற்சியே பண்ணலைன்னு சொல்லுவாங்க” என்றார். இதுவன்றோ உண்மை! எண்ணிக்கை பலவேளைகளில் வெற்றிக்கான வழியாக அமைவதில்லை. பழிக்கு எதிரான கேடயமாகவே அமைகிறது. ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சத்துக்கு ஒரு தந்தை கடலில் ஈட்டிய பணத்தைக் கட்டணமாகச் செலுத்துவது நீதியாகுமா? “நீ மூணு எழுதுனது எனக்குத் தெரியும். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுறேன்” என்றார் தந்தை. அன்று அந்த இளைஞருக்கு வேண்டியிருந்த அறிவுரை அதுதான். அதை நான் தந்திருக்க இயலாது.

கேட் அவருக்கு அழைப்பைக் கொண்டுவரவில்லை. எக்ஸ்.ஏ.டி.யும் கைகொடுக்கவில்லை. 2025 மார்ச்சில் டான்செட் எழுதி, அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். வேறு வழியின்றி ஒதுங்கிய இடமாக அவர் அதைக் கருதவில்லை. தாளின் பின்பக்கத்தில் அவரே, தெளிந்த மனத்துடன், தம் கையால் எழுதிய பெயர்களுள் அதுவும் ஒன்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எத்தனை தேர்வு எழுதுகிறான் என்று உறவினர் கேட்கும்போது, எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படாதீர்கள். இளைஞர்களே, விண்ணப்பத்தை நிரப்புமுன், ‘இங்கே இடம் கிடைத்தால் மகிழ்ச்சியுடன் போவேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்று உள்ளம் சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய தேர்வை அச்சமின்றி எழுதுங்கள். உள்ளம் தயங்கும் இடத்துக்கு எழுதும் தேர்வில் வென்றாலும், நீங்கள் எதையும் தேர்ந்துகொண்டவர்கள் ஆக மாட்டீர்கள்.