எதை விட்டுக்கொடுத்த கார் உனக்கு வேண்டும்?

கண்ணு,

டிசையரா, அமேஸா என்று நீ போட்டு அனுப்பிய அட்டவணையை முழுசாகப் படித்தேன். நீளம், அகலம், குதிரைத்திறன், டிக்கி, மைலேஜ், ஏர்பேக் என்று வரிவரியாகப் போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஜெயித்ததற்குப் பச்சை நிறம் கொடுத்திருக்கிறாய். கடைசியில் இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகப் பச்சை விழுந்துவிட்டது. "இப்ப என்ன பண்றது பெரியப்பா?" என்று கேட்கிறாய். இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பிரிவிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. கார் எங்கே அடிபடும், அடிபட்டால் யார் கையிலிருந்து பணம் போகும், வாங்கியவர் இரண்டாம் வருஷத்தில் எதைச் சொல்லி அலுத்துக்கொள்வார் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்த எண்கள் இவ்வளவு நெருங்கி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்ன காருக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு கம்பெனிகள் அந்த அளவுக்குள் செடானை அடக்க முனைந்தன. டாடா 2008-இல் இண்டிகோ சிஎஸ் கொண்டுவந்தது. அதே வருஷம் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர். வரிச்சலுகை கிடைக்காத நீளம். 2012-இல் அடுத்த டிசையர் வந்தபோது நீளம் 3,995 ஆகிவிட்டது. அந்த நீளத்தை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? டிக்கியிலிருந்து. 440 லிட்டர் இருந்தது 316 ஆனது. இன்று நீ பார்க்கிற டிசையர், அமேஸ் இரண்டுமே 3,995 மில்லிமீட்டர்தான். ஒன்றின் இன்ஜின் 1197 சிசி, மற்றது 1199. கோடு போட்டது அரசாங்கம்; அதற்குள் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு முக்கியமானதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுத்தது.

அதனால் உன் அட்டவணையில் "எது அதிகம் தருகிறது" என்று கேட்டதை மாற்று. எது எதை விட்டுக்கொடுத்திருக்கிறது, அந்தக் குறையோடு உன்னால் ஐந்தாறு வருஷம் குடித்தனம் நடத்த முடியுமா என்று கேள். இரண்டு வேலை ஒரே நேரத்தில் கைக்கு வந்தாலும், இரண்டு வீடு பார்த்தாலும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான். நல்லது எல்லாம் விளம்பரத்திலேயே வந்துவிடும். குறையை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

டிசையர் 2024 நவம்பரில் புதுசாக வந்தபோது ஒரு சிலிண்டரை விட்டுக்கொடுத்தது. நாலு சிலிண்டர் இன்ஜின் மூன்றாகி, சுமார் 82 குதிரைத்திறன் ஆனது. அதற்குப் பதிலாக மைலேஜை எடுத்துக்கொண்டார்கள்: மேனுவலுக்கு 24.79, ஆட்டோமேட்டிக்குக்கு 25.71. அமேஸ் அடுத்த மாதமே வந்தது. அவர்கள் நாலு சிலிண்டரை விடவில்லை, 90 குதிரைத்திறன், மைலேஜை விட்டார்கள். மேனுவல் 18.65, ஆட்டோமேட்டிக் 19.46. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பாக்கி எல்லாம் கிளம்புகிறது.

மைலேஜைப் பார்த்து உன் மாமா மிரண்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீ கோவையில் பீளமேட்டுக்கு வேலைக்குப் போய் வருவதும் சனி ஞாயிறு சுற்றுவதும் சேர்த்து மாதம் 500 கிலோமீட்டர். வருஷம் 6,000. கம்பெனி சொல்லும் ஆட்டோமேட்டிக் மைலேஜ்படி டிசையர் 233 லிட்டர் குடிக்கும், அமேஸ் 308. வித்தியாசம் 75 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 600 ரூபாய் சொச்சம். இந்த மைலேஜெல்லாம் காரை உருளைமேல் ஏற்றி ஓட்டி எடுப்பது. அவிநாசி ரோட்டில் இரண்டுமே குறையும், வித்தியாசம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். அதே கார் மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு இதே கணக்கு வருஷத்துக்கு முப்பத்தேழாயிரம் காட்டும். அவர் டிசையரைத் தவிர வேறு பக்கம் திரும்பவே கூடாது. உன் மாமா விற்பனை வேலையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்; தன் ஓட்டத்தை வைத்து உனக்குச் சொல்கிறார். அவர் சொன்னது அவருக்குச் சரி.

அடுத்தது கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் நீ இரண்டையும் போட்டுவிட்டாய், ஆனால் இரண்டும் வேறு வேறு. டிசையரில் இருப்பது ஏஎம்டி: சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது. விலை குறைவு, மைலேஜ் போகாது. ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது தலை லேசாக முன்னே சாய்ந்து பின்னே வரும். அமேஸில் இருப்பது சிவிடி. பல் சக்கரக் கியருக்குப் பதிலாக இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். கியர் மாறுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் வேகமாக மிதித்தால் இன்ஜின் முதலில் சத்தம் போடும், வேகம் பிறகுதான் வரும். காலை எட்டரை மணிக்கு அவிநாசி ரோட்டு நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகிறவளுக்கு எது ஒத்துவரும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஷோரூம் பையன் காலியான ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடுவான், அது போதாது. இரண்டு காரையும் ஒரே நாளில், ஒரே வழியில், ஏசி போட்டு, அப்பா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டு. அன்று எந்தக் காரை முதலில் ஓட்டினாயோ அதை மறுபடி ஒரு தடவை கடைசியில் ஓட்டு, ஏனென்றால் இரண்டாவது ஓட்டியதே எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மருதமலை ஏற்றம் வரை போகவிடச் சொல்லிக் கேள். ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் பின்னால் நழுவுகிறதா, எவ்வளவு நேரம் பிடித்து நிற்கிறது என்று பார். சிக்னலில் நிற்கும்போது கதவில் கையை வை; மூன்று சிலிண்டர் நடுக்கம் கைக்கு வருகிறதா, வந்தால் உனக்கு அது தொந்தரவா என்று நீயே சொல்லிக்கொள். உன் தெரு முனையில் இருக்கிற அந்த உயரமான வேகத்தடையில் நாலு பேரோடு ஏறி இறங்கு. தரைக்கும் காருக்கும் இடைவெளி டிசையரில் 163 மில்லிமீட்டர், அமேஸில் 172. ஒன்பது மில்லிமீட்டர் தாளில் ஒன்றுமில்லை, தட்டும்போதுதான் தெரியும்.

உன் அட்டவணையில் இல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன், இதை மட்டுமாவது மறக்காதே. பின்சீட்டில் உன் அம்மாவை உட்காரவைத்து, சீட் பெல்ட்டை அவளே போடட்டும், நீ உதவி செய்யாதே. பக்கிள் சீட்டுக்குள் புதைந்து கிடந்தால் வயதானவர்கள் விரலை விட்டுத் துழாவுவார்கள், இரண்டு நாள் போடுவார்கள், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். சட்டத்தை விடு, நான் பார்த்த கிளெய்ம் பைல்களில் பின்சீட்டில் பெல்ட் போடாமல் வந்தவர்களின் பக்கங்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஆறு ஏர்பேக் இரண்டு காரிலும் அடிப்படை மாடலிலிருந்தே இருக்கிறது. பெல்ட் போடாதவரை ஏர்பேக் முழுதாகக் காப்பாற்றாது. அதேபோல் அப்பாவை ஏறி இறங்கச் சொல். மூட்டுவலிக்காரர் காலை எவ்வளவு மடக்க வேண்டியிருக்கிறது, கூரையில் தலை இடிக்கிறதா, எழுந்திருக்கும்போது கை எதைப் பிடிக்கிறது என்று வெளியே நின்று கவனி. அவரைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். உன் செலவை நினைத்துச் சொல்வார்.

பாதுகாப்பு நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புது டிசையருக்கு 2024-இல் குளோபல் என்கேப் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதற்கு முந்தைய டிசையருக்குக் கிடைத்தது இரண்டுதான். பெயர் ஒன்று, கார் வேறு. அமேஸுக்கும் மூன்றாம் தலைமுறைக் காரின் முடிவைத்தான் பார். பழைய மாடலின் மதிப்பெண்ணைக் காட்டி யாராவது உயர்த்தியோ தாழ்த்தியோ பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே.

உன் தோழி டிசையரை "டாக்ஸி மாதிரி இருக்கு" என்றாளாம். அதுதான் அந்தக் காருக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒவ்வொரு ரூபாயும் எண்ணி வாங்குகிறவர். எந்த ஊரில் பழுதானாலும் பார்ட்ஸ் கிடைக்கும், பார்க்க மெக்கானிக் இருப்பார் என்பதால்தான் அவர் அதை வாங்குகிறார். விற்கும்போதும் அது கை கொடுக்கும். நாலு பேர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்காகக் கார் வாங்கினால், அந்த நாலு பேர் தவணை கட்ட வரமாட்டார்கள், கண்ணு.

இப்போது பணம். ஷோரூம் விலையைப் பார்க்காதே, ஆன்ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்கு. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரகக் கார்களுக்கு 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அது இரண்டுக்கும் பொது. ஆனால் தமிழ்நாட்டு ஆயுள் வரியில் ஒரு படி இருக்கிறது: காரின் விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஒன்பதரை லட்சம் காருக்கு வரி 1,23,500. பத்தேகால் லட்சத்துக்கு 1,84,500. முக்கால் லட்சம் கூடுதல் விலைக்கு அறுபத்தோராயிரம் கூடுதல் வரி. உச்ச மாடலுக்கு ஆசைப்படும்போது இந்தப் படியில் கால் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள். அமேஸ் உச்ச மாடலில் கேமரா வைத்துத் தானே பிரேக் போடும், முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகம் மாற்றும். சேலம் நாலுவழிச் சாலையில் அடிக்கடி போகிறவருக்கு அது நல்லதுதான். நகரத்துக்குள்ளேயே ஓட்டும் உனக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

இன்சூரன்ஸ் என் துறை, அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அதுதான் விதி. சொந்தச் சேதத்துக்கான பாலிசி ஒரு வருஷத்துக்குப் போதும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அவர்கள் சொல்லும் தொகையை வைத்துக்கொண்டு வெளியே இரண்டு இடத்தில் கேள். அதே ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு), அதே பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) என்று வைத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது சுலபம். கார் திருடுபோனாலோ முழுசாகச் சேதமானாலோதான் அந்தக் குறைவு எவ்வளவு என்று தெரியும்.

சனிக்கிழமை காலையில் இரண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் போய், காரை எடுக்கக் காத்திருக்கிறவர்களோடு கொஞ்சம் பேசிப் பார். பில் எவ்வளவு வந்தது, சொன்ன நேரத்துக்குக் கொடுத்தார்களா என்று கேள். உண்மையைச் சொல்ல அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்காது.

என் கருத்தைக் கேட்டாய், மழுப்பமாட்டேன். மாதம் 500 கிலோமீட்டர், முழுக்க நகர ஓட்டம், பின்னால் உன் அப்பா, கிளட்ச் மிதிக்க விருப்பமில்லாத நீ: உனக்கு அமேஸ் சிவிடி, உச்ச மாடலுக்கு ஒரு படி கீழே உள்ள விஎக்ஸ். சிவிடி குலுக்காமல் போகும்; மைலேஜில் போகிற அந்த 600 ரூபாயை உன் அப்பாவின் முழங்காலுக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள். ஆனால் நீ சொன்ன அந்த வேலை மாற்றல் வந்து, வாராவாரம் திருநெல்வேலிக்கு ஓட்ட வேண்டி வந்தால் என் பதில் மாறும். அப்போது டிசையர், அதுவும் மேனுவல். மாற்றல் விஷயம் அடுத்த மாதம் தெரிந்துவிடும் என்றால் அதுவரை முன்பணம் கட்டாதே. கட்டுவதாக இருந்தால், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல். டெலிவரி எடுக்கும் முன் எந்த மாதத்தில் தயாரான கார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள். வருஷக் கடைசியில் தள்ளுபடியோடு தருவது பல மாதம் யார்டில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும் நாளைச் சொல். நானும் வருகிறேன்.

பெரியப்பா