இதுட உம்மா எங்க?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகள் நம் ஊரான மடவளையில் வந்து இறங்கிய மறுநாளே பின்னவலை யானைக் காப்பகத்துக்குப் போகவேண்டும் என்பார்கள். சின்ன வயதில் தாங்கள் பார்த்து மகிழ்ந்த யானைகளை, லண்டனிலும் மெல்பர்னிலும் பிறந்த தம் பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசை. நல்ல ஆசைதான். பிடித்த இடத்துக்குத் திரும்பப் போகவேண்டும் என்பதே என் கட்சியும். முதல் தடவை போனால் இடம் நம்மை மயக்கிவிடும். கண் திறந்து பார்ப்பது அடுத்த தடவைதான்.

மடவளைப் பிள்ளைக்கு யானை புதிதல்ல. ஓதப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அல்-ஃபீல் (யானை) அத்தியாயம் பாடமாகிவிடும். குர்ஆனில் 105ஆவது, ஐந்தே வசனங்கள். என் தலைமுறைக்குக் கட்டுகஸ்தோட்டையும் இருந்தது. வேலை முடிந்த யானைகளைப் பாகர்கள் மகாவலியில் படுக்கவைத்து, பொச்சு மட்டையால் தேய்த்துக் கழுவுவார்கள். வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்கள். பஸ்ஸில் போகும் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவோம். கண்டிப் பெரஹராவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பேழை சுமந்த மாளிகை ராஜா என்ற கொம்பன் 1988 ஜூலையில் இறந்தபோது எங்கள் கடைத்தெருவிலும் அன்று முழுக்க அதே பேச்சுத்தான். அதன் உடலைப் பதப்படுத்தி தலதா மாளிகை வளவிலேயே வைத்திருக்கிறார்கள்.

பின்னவலைக்குப் போவது சுலபம். கடுகண்ணாவை மலை இறங்கி, மாவனல்லை கடந்து, கேகாலைக்குக் கொஞ்சம் முன்னால் றம்புக்கனை வீதியில் திரும்பவேண்டும். வனஜீவராசிகள் திணைக்களம் 1975இல், மகா ஓயாவை ஒட்டிய 25 ஏக்கர் தென்னந்தோட்டத்தில், தாயில்லாத ஐந்து குட்டிகளோடு தொடங்கிய இடம் அது. 1978இல் மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் கைக்குப் போனது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. 2021 ஆகஸ்ட் கடைசியில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி ஈன்றதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எண்பது வருடமாக நாட்டில் காணாத சங்கதி.

குட்டி பால் குடிப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். தும்பிக்கையை என்ன செய்வது என்று அதற்கே தெரியாது. மேலே தூக்கி, பின்னால் வளைத்து, வாயை மட்டும் நீட்டும். நெற்றியில் செம்பட்டை மயிர் முள்ளுப்போல் குத்திட்டு நிற்கும். போத்தல் வைத்த வேகத்தில் காலியாகிவிடும். உடனே பாகனின் சட்டைப் பையைத் துழாவும். பார்க்கிறவர் மனம் இளகாமல் இருக்காது. அந்த இளக்கத்தோடு கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

என் பேத்தி அப்படித் திரும்பவில்லை. குட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "இதுட உம்மா எங்க?" என்று கேட்டாள். சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

உம்மாவைச் சுட்டிருப்பார்கள். அல்லது வெள்ளரிக்காய்க்குள்ளோ பூசணிக்குள்ளோ ஒளித்து வைத்த ஹக்கபட்டாஸ் என்ற வெடி வாய்க்குள்ளே வெடித்து, தாடை கிழிந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து செத்திருக்கும். சில குட்டிகள் பாழுங்கிணற்றில் விழுந்து கூட்டத்தைத் தவறவிட்டவை. பின்னவலையில் சமா என்ற யானை கண்ணிவெடியில் பாதம் போய் மூன்று காலில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுத்தம் அதையும் விட்டுவைக்கவில்லை. 2025 பெப்ரவரியில் மின்னேரியாப் பக்கம் மீனகயா ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் செத்தன. 2023இல் மட்டும் நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். ஒரு போக நெல்லை ஓர் இரவில் இழக்கும் விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன். காவல் குடிசையில் விடியவிடிய விழித்திருப்பது அவன்தான். ஆனால் அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானைகள்வரை செத்தனவே, அதற்கு எந்த விவசாயி பொறுப்பு? அங்கே கிடப்பது நம்முடையதைப்போன்ற கடைத்தெருக்களின் லஞ்ச்சீட்டும் சொப்பிங் பையும்தான்.

பின்னவலையைப் பழிப்பது என் நோக்கமல்ல. சாகவேண்டிய குட்டிகளை அது காப்பாற்றியது. அன்றைக்குத் தெரிந்த வழி அது. ஆனால் மனிதன் கையில் வளர்ந்த யானைக்கு மனித வாடையென்றால் பயம் இல்லை. அதைக் காட்டில் விட்டால் நேரே வயலுக்கும் வீட்டுக்கும்தான் வரும். ஆகவே ஆயுள் முழுக்கப் பாகனோடும் சங்கிலியோடும்தான்.

இதை யோசித்தவர்கள் 1995இல் உடவளவையில் வேறொரு காப்பகம் தொடங்கினார்கள். சிங்களத்தில் எத் அதுரு செவண என்பார்கள். அங்கேயும் தாயில்லாத குட்டிகள்தான், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால்தான். ஆனால் பார்க்க வந்தவர்கள் தூரத்து மேடையிலேயே நிற்கவேண்டும். தொடக்கூடாது, ஊட்டக்கூடாது. பால் குடித்த குட்டி மற்றக் குட்டிகளோடு புல்வெளிக்குப் போய்விடும். ஐந்து வயதளவில் பல குட்டிகளை ஒன்றாகக் காட்டில் விடுவார்கள். 1998இல் தொடங்கி இதுவரை நூறுக்கு மேல் விட்டாயிற்று. அவற்றில் சில காட்டிலேயே குட்டி போட்டிருக்கின்றன.

பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது விளங்கும். மடியில் வைத்துக் கொஞ்சுவது சுகம். ஆனால் அது நம் சுகம். நம்மை எதிர்பாராமல் தானாக நிற்கிற அளவுக்கு வளர்த்து வழிவிடுவதற்கு வேறு நெஞ்சு வேண்டும். பிள்ளைகளைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த தாய் தகப்பன்மார் மடவளையில் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த விடுமுறைக்கு வருகிறவர்களே, பின்னவலைக்குப் போங்கள், ஆற்றில் குளிக்கும் யானைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாய் எங்கே என்று அவர்கள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். உடவளவைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே கிட்டப் போக விடவில்லை, தொட விடவில்லை என்று மட்டும் கோபித்துக்கொள்ளாதீர்கள். வழியில் கட்டிக்கொண்டு போகும் சோற்றுப் பார்சலின் லஞ்ச்சீட்டை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.