துரைமார் மேசை

பண்டாரவளை ஹோட்டல் 1893 இல் திறக்கப்பட்டது. அந்நாளில் ஊவாவின் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கூடி விருந்துண்ட இடம்.

என் தந்தையார் பதுளைப் பக்கத் தோட்டமொன்றில், துரை பங்களாக் குசினியில் முப்பது வருடங்கள் பணிபுரிந்தவர். எத்தனையோ ஸ்டேக் பொரித்துப் பரிமாறியவர், லயத்துக்குத் திரும்பி உண்டதோ ரொட்டியும் சம்பலும்.

பத்திரிகையில் சேர்ந்து முதற் சம்பளம் பெற்றதும் அவரை அந்த ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றேன். நான் ஸ்டேக் கேட்டேன். மாட்டிறைச்சி உண்ணாத அவர் கோழி கேட்டார். என் தட்டை எட்டிப் பார்த்து, "பதமாத்தான் பொரிச்சிருக்காங்க" என்றார்.

பரிசாரகர் அருகில் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றார். "உட்காருங்கப்பா" என்றேன், உட்கார்ந்தார். உண்டு முடிந்ததும் தட்டுகளை அடுக்கத் தொடங்கிய அவர் கைகளை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை.